டிகாக்‌ஷன் எப்போது இறங்கியது?

காபி நன்றாக இல்லையென்றால் பாலைத் திட்டுவார்கள், பொடியைத் திட்டுவார்கள், மாஸ்டரையும் ஒரு பாட்டம் திட்டுவார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: டிகாக்‌ஷன் எப்போது இறங்கியது?

எனக்கு மெடிக்கல் ரெப் வேலை. டெல்டா மாவட்டங்களும் மதுரைப் பக்கமும் என் லைன். டாக்டர் ஓ.பி. முடித்துக் கூப்பிடும்வரை எங்களுக்குப் போக்கிடம் பக்கத்து ஓட்டல்தான். ஊர் ஊராகக் குடித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. உசத்தியான பொடி, கறந்த பால் எல்லாம் இருந்தும், மூன்று மணி நேரம் பாய்லர் சூட்டிலேயே நின்ற டிகாக்‌ஷன் அத்தனையையும் கெடுத்துவிடும். பொடி சுமாராக இருந்தாலும், இப்போது இறங்கின டிகாக்‌ஷன் என்றால் காபி தப்பித்துவிடும். ஓட்டலில் குடிப்பது, வீட்டில் போடுவது, மிஞ்சினதில் பலகாரம் செய்வது எல்லாவற்றுக்கும் கணக்கு இங்கேதான் ஆரம்பம்.

ஓட்டலுக்கு நேரம் பார்த்துப் போங்கள்

காலை ஆறிலிருந்து எட்டரை, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. இந்த இரண்டு வேளையும் கூட்டம் நெரிவதால் டிகாக்‌ஷன் நிற்கவே நேரமிருக்காது. ஒரு ஃபில்டர் காலியாவதற்குள் அடுத்தது இறங்கிக்கொண்டிருக்கும். பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் கிடைப்பது பெரும்பாலும் காலையில் இறக்கிச் சூட்டிலேயே வைத்திருந்த மிச்சம். சூட்டில் நிற்க நிற்க மணம் போய்விடும், புளிப்பு கலந்த ஒரு கசப்பு ஏறும். அதை மறைக்கச் சர்க்கரையைக் கூட்டிப் போடுவார்கள். அந்த நேரத்தில் நான் மோர் குடிப்பேன்.

கேட்டுவிடுவதில் தப்பே இல்லை. "மாஸ்டர், புது டிகாக்‌ஷன் எப்போ இறங்கும்?" என்றால் நல்ல மாஸ்டர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. திருவாரூரில் ஒரு சின்னக் கடையில், என் பையைப் பார்த்தாலே "சார், பத்து நிமிஷம் உக்காருங்க, இப்பதான் தண்ணி ஊத்தியிருக்கேன்" என்பார் மாஸ்டர். அந்தப் பத்து நிமிஷத்துக்கு உட்காரலாம். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பதில் வருகிற இடத்தில், ஏ.சி. எவ்வளவு குளிராக இருந்தாலும், நான் டிபனோடு எழுந்துவிடுவேன்.

இன்னொன்று, பழைய டிகாக்‌ஷன் என்று சந்தேகம் வந்தால் "ஸ்ட்ராங்காக" என்று கேட்காதீர்கள். அதே பழையதில் இன்னொரு கரண்டி கூட்டி ஊற்றுவார்கள், கசப்புதான் கூடும். ஸ்ட்ராங் கேட்பது காலை ஆறரைக்கு.

பல ஓட்டல்களில் சர்க்கரையை டம்ளரின் அடியில் போட்டு, கலக்காமலேயே டபராவில் வைத்துக் கொண்டுவருவார்கள். இது நமக்கு வசதி. வந்ததும் அவசரப்பட்டு ஆற்றாமல் மேலாக ஒரு வாய் உறிஞ்சிப் பாருங்கள். பாலும் டிகாக்‌ஷனும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது சர்க்கரை இல்லாத அந்த முதல் வாயில் தெரிந்துவிடும். பிறகு வேண்டிய அளவுக்கு மட்டும் ஆற்றிக்கொள்ளலாம். இரண்டு முறை ஆற்றினால் பாதிச் சர்க்கரைதான் கரையும், எனக்கு அது போதும். ஏற்கெனவே கலந்து தருகிற கடை என்றால் "சர்க்கரை தனியா" என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

அல்வாவோ மைசூர்பாகோ சாப்பிட்ட கையோடு காபி குடித்தால், எவ்வளவு சர்க்கரை போட்டிருந்தாலும் சப்பென்றுதான் இருக்கும். ஸ்வீட், காரம், காபி என்ற வரிசையை யார் ஏற்படுத்தினார்களோ, நாக்கைப் புரிந்துகொண்டவர். நடுவில் நாலு வாய் மிக்சரோ ஓமப்பொடியோ போனால்தான் நாக்கு மறுபடி காபிக்குத் தயாராகும். காரச்சட்னி தின்றுவிட்டுக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் வீண், எரிச்சலில் ருசியே தெரியாது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சென்னையிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில் வரிசையாக 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகள். பித்தளை டபரா செட் பளபளவென்று இருக்கும். பித்தளை பார்க்க அழகு, அவ்வளவுதான், காபியை அது போடுவதில்லை. பாலின் அடர்த்தி காட்டுகிற லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்து எடுத்த தண்ணீர் சேராத பாலும், முதல் டிகாக்‌ஷனும்தான் டிகிரி காபிக்கு இலக்கணம் என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்துவதற்கு முன் கல்லாப் பக்கம் கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டம் இருந்தால் டிகாக்‌ஷன் புதிது. மதுரை கோரிப்பாளையத்தில் விசாலம் காபி, கோயம்புத்தூரில் அன்னபூர்ணா, திருவல்லிக்கேணியில் ரத்னா கஃபே என்று பேர் எடுத்த இடங்களுக்கெல்லாம் நேரம் தவறிப் போனாலும் பெரிதாக ஏமாற்றமில்லை. அங்கே எந்நேரமும் ஆள் வந்துகொண்டே இருப்பதால் டிகாக்‌ஷன் தேங்குவதில்லை.

புது மாதிரி கஃபேக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு அங்கேயும் போய் உட்கார வேண்டியிருக்கிறது. அங்கே டிகாக்‌ஷன் நிற்கிற பிரச்சினை இல்லை. எஸ்பிரெசோ மெஷினில் ஒவ்வொரு கப்புக்கும் அப்போதே பொடி அரைத்து, அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, அரை நிமிஷத்துக்குள் இறக்கிவிடுகிறார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது: கொட்டை எப்போது வறுத்தது? நல்ல கஃபே என்றால் பையில் வறுத்த தேதி இருக்கும், எந்த எஸ்டேட் என்றும் இருக்கும். சிக்மகளூர், குடகு, ஏற்காடு என்று பேர் பார்த்து வாங்கலாம். வறுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனது என்றால் அந்த விலைக்கு எனக்கு மனசு வராது. முதல் தடவை போகிறவர்கள் பெரிய கப் லாட்டே வாங்க வேண்டாம், அதில் பால்தான் மிச்சம். சின்ன கப்புச்சினோ நம் நாக்குக்கு நெருக்கமாக இருக்கும். ஐஸ்கிரீம் மிதக்கிற கோல்டு காபியை நான் காபிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பொடி வாங்குவது

வீட்டுக்கு வருவோம். கொட்டையை வறுத்துக் கண்ணெதிரே அரைத்துத் தருகிற கடை உங்கள் ஊரில் இருந்தால் அங்கேதான் வாங்க வேண்டும். பீபரி, பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டா என்று பலகையில் விலை போட்டிருப்பார்கள். காபிப் பழத்தில் சாதாரணமாக இரண்டு கொட்டை, தட்டையான பக்கம் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருக்கும். ஒரே கொட்டை உருண்டு திரண்டு வந்தால் அது பீபரி. பிளான்டேஷன் என்பது சதையைக் கழுவி நீக்கிக் காயவைத்த அராபிகா வகைக் கொட்டை. எங்கள் வீட்டில் பீபரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி. கெட்டியாக, கசப்புத் தூக்கலாக வேண்டுமென்றால் இதில் கால் பங்கு ரோபஸ்டா சேர்க்கச் சொல்லலாம்.

சிக்கரி வேண்டுமா வேண்டாமா என்று குடும்பமே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். அது ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தது. நிறமும் கெட்டித்தன்மையும் தரும், தண்ணீர் இறங்குவதையும் மெதுவாக்கும். மணம் தராது. நான் நூறு கிராமுக்கு இருபது கிராம் போடச் சொல்வேன், அதற்கு மேல் போனால் சிக்கரிதான் குடிக்கிறோம். பாக்கெட் பொடி வாங்குகிறவர்கள் பின்பக்கம் பார்க்க வேண்டும். காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அந்த எல்லையிலேயே நிற்கிற பாக்கெட்டுகள் நிறைய, விலை குறைவாக இருப்பதன் காரணம் அதுதான்.

அரைத்த பொடி மெஷினிலிருந்து சூடாக வரும். வீட்டுக்கு வந்ததும் ஆறும்வரை உறையைத் திறந்து வைத்து, பிறகு இறுக மூடுகிற டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப்போகும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், எடுத்து எடுத்து வைப்பதில் ஈரம் ஏறும். இரண்டு பேர் வீட்டுக்கு ஒரு தடவைக்கு 200 கிராம் போதும். கிலோக் கணக்கில் வாங்கினால் கடைசிக் கால் கிலோவில் மணமே இருக்காது.

ஃபில்டர்

மூன்று டம்ளர் காபிக்கு என் அளவு இது. பொடி 20 கிராம், கரண்டிக் கணக்கில் மூன்று மேசைக்கரண்டி குவித்து. தண்ணீர் 120 மில்லி. பொடியே 40 மில்லியைக் குடித்துவிடும், கீழே இறங்குவது 80 மில்லிதான். குறைவாக இருக்கிறதே என்று மேலே தண்ணீரைக் கூட்ட வேண்டாம், அது இரண்டாவது டிகாக்‌ஷன்.

ஃபில்டரின் மேல், கீழ் இரண்டு பாத்திரங்களிலும் ஈரம் இருக்கக் கூடாது. பொடியை மேல் பாத்திரத்தில் போட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் சமமாகப் பரவும். அதன்மேல் குடையை, அதாவது நடுவில் காம்பு வைத்த துளைத் தட்டை, வைத்து லேசாக அழுத்த வேண்டும். எவ்வளவு லேசாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குடையின் காம்பை ஆள்காட்டி விரலால் ஒருமுறை அழுத்தி விட்டுவிடுங்கள். உள்ளங்கையை வைத்து அழுத்தினால் பொடி இறுகிப்போய் விடிய விடிய சொட்டும். அழுத்தவே இல்லையென்றால் தண்ணீர் ஓடிவிடும், கீழே காபித் தண்ணீர்தான் கிடைக்கும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விடுங்கள். முதலில் பொடி நனைகிற அளவுக்கு மட்டும் சுற்றி ஊற்றி நிறுத்துங்கள். புதுப் பொடியாக இருந்தால் குடையின் ஓரத்தில் குமிழி குமிழியாகப் பொங்கி வரும், வறுத்தபோது கொட்டைக்குள் தங்கிய காற்று அது. பொடி பழையதென்றால் ஒன்றும் பொங்காது, தண்ணீர் அப்படியே உட்காரும். கடைக்காரர் சொன்னது நிஜமா என்று இங்கே தெரிந்துவிடும். குமிழி அடங்கியதும் மிச்சத் தண்ணீரை ஊற்றி மூடிவைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம். பதினைந்திலிருந்து இருபது நிமிஷம்.

வந்து பார்த்தால் இறங்கவே இல்லையா? மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமும் ரொம்ப இறுகிக்கொண்டால் கீழே இருக்கிற காற்று வெளியேற வழியில்லாமல் நிற்கும். லேசாகத் திருகித் தூக்கி வையுங்கள், சொட்ட ஆரம்பிக்கும். அதற்கும் மசியவில்லையென்றால் துளை அடைத்திருக்கிறது. எவர்சில்வர் ஃபில்டராக இருந்தால் மேல் பாத்திரத்தை மட்டும் காலியாக அடுப்புத் தணலில் இடுக்கியால் பிடித்துக் காட்டினால் துளையில் இருக்கிற பொடி கருகி உதிரும், ஆறினதும் தட்டிக் கழுவலாம். பித்தளை ஃபில்டரை அப்படிக் காட்டாதீர்கள், உள்ளே பூசியிருக்கிற ஈயம் உருகிவிடும்.

பால் அப்போது காய்ச்சியதாக இருக்க வேண்டும். ஆவினில் ஆரஞ்சுப் பாக்கெட் 6 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, நீலம் 3. எனக்கு நடுவில் இருப்பது பிடிக்கும். ஆரஞ்சில் போட்டால் முதல் வாய் கள்ளிச்சொட்டாக இறங்கும், ஆனால் கொழுப்பு நாக்கில் படிந்து டிகாக்‌ஷனின் மணத்தைக் கொஞ்சம் மழுக்கிவிடுகிறது. பால் பொங்கி வந்ததும் இறக்கிவிட வேண்டும், திரும்பத் திரும்பக் காய்ச்சினால் ஆடை வாடைதான் மிஞ்சும். டம்ளரில் சர்க்கரை, அதன்மேல் 25 மில்லி டிகாக்‌ஷன், அப்புறம் கொதிக்கிற பால். இரண்டு மூன்று ஆற்று ஆற்றினால் நுரை நிற்கும். காபி ஆறிவிட்டது என்று கலந்ததையே திரும்ப அடுப்பில் ஏற்றுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. டிகாக்‌ஷன் மட்டும் ஆறியிருந்தால் கிண்ணத்தோடு வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினாலே போதும்.

தொழில் முறையில் ஒரு வார்த்தை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு முக்கால் மணி நேரமாவது கழித்துக் காபி குடியுங்கள், காபி மாத்திரையை உடம்பில் சேரவிடாது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதே கதைதான், டிபன் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையும் காபியும் சேர்ந்து இருக்க வேண்டாம்.

மிஞ்சின டிகாக்‌ஷன்

காலையில் இறங்கியதைச் சாயங்காலம் பாலில் ஊற்றி எனக்கு யாரும் தர வேண்டாம். அதை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள்வரை பலகாரத்துக்கு ஆகும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபில்டர் பொடியை நேரே எந்த இனிப்பிலும் போடாதீர்கள். இன்ஸ்டன்ட் பொடி கரையும், இது கரையாது, பல்லில் நறநறக்கும். டிகாக்‌ஷனாகத்தான் சேர்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அடிக்கடி செய்வது காபிக் கடல்பாசி, அகர் அகர் என்கிறார்களே, அதில் உறையவைக்கிற இனிப்பு. நாகூரில் ஒரு மருந்துக்கடை பாய், நோன்பு மாதத்தில் போனால் "தம்பி, ஒரு துண்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்று வீட்டிலிருந்து வந்த தட்டை நீட்டுவார். பாலும் ஏலக்காயும் போட்ட வெள்ளைக் கடல்பாசி. அதில் டிகாக்‌ஷன் சேர்த்தால் என்ன என்று மகள் கேட்டாள், செய்து பார்த்தோம், அமைந்துவிட்டது.

கடல்பாசி 10 கிராம், இழையாக விற்கிறார்களே அது. கத்தரியால் துண்டாக்கி 250 மில்லி தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவைக்கவும். தண்ணீருக்குப் பதில் இரண்டாவது டிகாக்‌ஷனையே ஊற்றலாம், ஃபில்டரில் இருக்கிற சக்கை மேல் இன்னொரு முறை வெந்நீர் விட்டால் கிடைப்பது. அதையே சின்னத் தீயில் வைத்து, ஒரு இழைகூடத் தெரியாமல் கரையும்வரை கிண்டவும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் முதுகில் கண்ணாடித் துணுக்கு மாதிரி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, இருந்தால் இன்னும் இரண்டு நிமிஷம். டிகாக்‌ஷனைக் கொதிக்கவிடலாமா என்று கேட்பீர்கள். காபிக்குக் கூடாது, இங்கே பாலும் சர்க்கரையும் அந்தக் கசப்பை அடக்கிவிடும்.

இன்னொரு அடுப்பில் அரை லிட்டர் பால், 100 கிராம் சர்க்கரை, இரண்டு சிட்டிகை உப்பு. சர்க்கரை கரைந்து பால் சூடாக இருக்கும்போதே கடல்பாசிக் கரைசலை வடிகட்டி ஊற்ற வேண்டும். பால் ஆறிப்போயிருந்தால் கடல்பாசி ஊற்றிய இடத்திலேயே நூல் நூலாக உறைந்துவிடும், பிறகு சரி செய்ய முடியாது. கடைசியாக 80 மில்லி முதல் டிகாக்‌ஷன் சேர்த்து ஒரு கலக்குக் கலக்கித் தட்டில் ஊற்றுங்கள். ஃபிரிட்ஜ் தேவையில்லை, கடல்பாசி வெளியிலேயே உறையும். முக்கால் மணி நேரத்தில் வில்லை போடலாம்.

இரண்டு அடுக்காக வேண்டுமென்றால் கடல்பாசி கலந்த பாலில் பாதியைக் காபி சேர்க்காமல் தனியாக எடுத்து, அடுப்பில் மிகச் சின்னத் தீயில் உறையாமல் வைத்திருங்கள். இதற்கு இழையைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளை வராது. காபி அடுக்குக்கு டிகாக்‌ஷனும் பாதி போதும். அது தட்டில் உறைந்து, விரல் வைத்தால் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போது வெள்ளையைக் கரண்டியின் முதுகில் மெதுவாக ஊற்ற வேண்டும். முழுக்க உறைந்து குளிர்ந்த பிறகு ஊற்றினால் வெட்டும்போது இரண்டும் தனித்தனியாகக் கழன்றுவிடும்.

திடீரென்று யாராவது வந்துவிட்டால் கிண்ணத்தில் வெனிலா ஐஸ்கிரீம் ஒரு உருண்டை, மேலே சூடான முதல் டிகாக்‌ஷன் இரண்டு கரண்டி. கஃபேக்களில் அஃபோகாட்டோ என்று நல்ல விலைக்குத் தருவது இதுதான், அங்கே எஸ்பிரெசோ ஊற்றுவார்கள். சாக்லேட் கேக் செய்கிறவர்கள் வெந்நீருக்குப் பதில் டிகாக்‌ஷன் ஊற்றினால் கோகோவின் கசப்பு ஆழமாகும். மாரி பிஸ்கட்டை நனைத்து அடுக்குகிற புட்டிங் குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

தேங்காய் பர்பிக்கு மட்டும் சிக்கரி கூடுதலான டிகாக்‌ஷன் நன்றாக இருக்கிறது. அதன் நிறமும் கருகின சர்க்கரை வாசனையும் தேங்காயோடு சேர்கின்றன. தேங்காய்த் துருவல் இரண்டு கப், அடிப்பகுதியின் பழுப்பு வராமல் வெள்ளை மட்டும். சர்க்கரை ஒன்றேகால் கப், பால் அரை கப், டிகாக்‌ஷன் கால் கப். எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே அடிகனமான வாணலியில் ஒன்றாகப் போட்டுவிட வேண்டும். டிகாக்‌ஷனைக் கடைசியில் ஊற்றினால் அந்தத் தண்ணீர் வற்றுவதற்குள் பர்பி பதம் தப்பிவிடும். நடுத்தரத் தீயில் விடாமல் கிளறுங்கள். முதலில் தளதளவென்று இருக்கும், பிறகு சேர்ந்து வரும், அதற்கும் பிறகு ஓரத்தில் வெளிர் நிறத்தில் நுரைத்துப் பூத்துக்கொண்டு வரும். அந்தப் பூப்பு தெரிந்ததும் ஒரு ஸ்பூன் நெய் விட்டு இரண்டு கிளறு, உடனே நெய் தடவிய தட்டில் கொட்டிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று நின்றால் உதிர்ந்து பொடியாகும். சூடு பாதி அடங்கினதும் கத்தியால் கோடு போட்டு, முழுக்க ஆறினதும் எடுத்தால் ஓரம் உடையாமல் வரும். ஈரமில்லாத டப்பாவில் மூன்று நாள் வெளியில் இருக்கும். தேங்காய் என்பதால் அதற்கு மேல் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்துவைத்தால் நெய் இளகி மெதுவாகிவிடும்.